எலுமிச்சையில் வெந்த கலவா

தம்பி,

உன் கேள்வி என் போனுக்கு வந்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. "லிமாவுக்கு ரெண்டு வருசம் போகட்டுமாம்மா? நீ சொன்னாத்தான் அவங்ககிட்ட சரின்னு சொல்லுவேன்." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். நான் அதைப் படித்துவிட்டதை உன் போன் காட்டியிருக்கும். ஆனாலும் நீ மறுபடி கேட்கவில்லை. தினமும் காலையில் "சாப்பிட்டியாம்மா" என்கிறாய், நான் "சாப்பிட்டேன்" என்கிறேன். கேள்வி நம் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடக்கிறது. இரண்டு விரலால் தட்டி அனுப்பக்கூடிய பதிலாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு மட்டுமாக இல்லாமல் மற்றவர்களும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். இதில் நான் ஒப்புக்கொள்ளப்போகிற தப்பை நாலு பேர் முன்னால்தான் செய்தேன். அதை உன் காதுக்குள் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நியாயமில்லை.

முதலில், மூன்று மாதத்துக்கு முன்னால் நான் எதற்காகத் துபாய் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்க என்று உன்னிடம் சொன்னேன். உன்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தேன். உன் மாமா நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் இறைச்சியும் சப்ளை செய்கிற கம்பெனியில் உனக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தான். மாடியில் ஏசி போட்ட அறை, மேஜை, கீழே நாலு வேன். "சமையக்கட்டுல நின்னு வேர்த்து வடியுததுக்கா அவன் பொறந்தான், நீ போயி பேசிக் கூட்டிட்டு வாக்கா" என்று அவன்தான் எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மகன் என்ன செய்கிறான் என்று கோயிலில் யாராவது கேட்டால் "துபாயில் ஹோட்டல் லைன்" என்றுதான் நான் சொல்லி வந்தேன். சமையல்காரன் என்ற சொல் மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட என் வாயில் வந்ததில்லை.

நீ சமையல் படிக்கப் போனதை அப்பா சாதாரணமாக எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் அது என்மேல் உள்ள கோபத்தில் எடுத்த முடிவாகத் தெரிந்தது. காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். உன்னோடு படித்த திரேஸ்புரத்துப் பையனின் அப்பா, படகில் போகிறவர்களுக்கு வீட்டுக் கறிக்கென்று கிடைக்கிற பங்கிலிருந்து ஒரு முழுச் சீலாவை உனக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ஏலத்துக்குப் போகிற மீன் அல்ல அது, அவர் வீட்டுக்குப் போக வேண்டிய மீன். நீ அதைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாய். அன்று பெரிய அத்தை குடும்பத்தோடு ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. இன்றைக்கு நான் வைக்கிறேன் என்று நீ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாய். படகில் சமைக்கிறவர் சொல்லிக் கொடுத்த மாதிரி, முள்ளைவிட்டுச் சதை விலகத் தொடங்கியதும் சட்டியை இறக்கினாய். நம் வீட்டில் மீன் அப்படி வெந்ததே கிடையாது. மீன் ஏற்றுமதி செய்கிற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். ஒவ்வொரு மீனுக்குள்ளும் எது எது உயிரோடு இருக்கக்கூடும் என்று தெரிந்தவள். ஆகையால் என் குழம்பில் மீன் கட்டை மாதிரி ஆகும்வரை கொதிக்கும், நீங்கள் இரண்டு பேரும் வாய் பேசாமல் அதைத் தின்பீர்கள்.

அத்தை ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தாள். நடுமுள்ளின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. "ஏளா, மீனு இன்னும் முழிச்சிக்கிட்டுல்லா கெடக்கு. நீ ஊர் மீனுக்கெல்லாம் சர்டிபிகேட் கொடுக்கியே, ஒன் வீட்டு மீனப் பாக்கலியா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் எழுந்து, ஒவ்வொரு தட்டிலிருந்தும் மீனை எடுத்துச் சட்டியில் திரும்பப் போட்டு, அடுப்பைக் கூட்டி, கால் மணி நேரம் கொதிக்க வைத்தேன். விருந்துக்கு வந்தவர்கள் வெறும் சோற்றோடு காத்திருந்தார்கள். பிறகு நார் நாராகிப் போனதைக் கொண்டுவந்து பரிமாறினேன். நீ உன் பங்கை முழுதும் சாப்பிட்டாய். அதன்பின் நம் வீட்டு அடுப்பை நீ பற்ற வைக்கவே இல்லை, ஒரு டீ போடக்கூட. நானோ அந்தக் கதையை வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ துபாய்க்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்தவர்களிடம்கூட, "பச்ச மீனப் போட்டுராதல, அங்க போலீஸ் புடிச்சிரும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அப்படிப்பட்ட என்னை, துபாய்க்கு வந்த மூன்றாம் நாள் விடிந்ததும் நீ மீன் சந்தைக்குக் கூட்டிப் போனாய். குளிரூட்டிய பெரிய கூடத்தில், பளிங்கு மேடைகளில், கடல் கடலாக மீன். சீலா, கலவா, விளமீன், பாறை என்று எல்லாம் நமக்குத் தெரிந்த முகங்கள்தான், எண்ணிக்கைதான் மூச்சு முட்ட வைத்தது. அங்கே குலசேகரன்பட்டினத்துக்காரர் ஒருவர் கடை போட்டிருந்தார். நான் உன் அம்மா என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம், முறையிடச் சரியான ஆள் கிடைத்துவிட்டது போல. "ஒங்க மவன் மீனு வாங்க வாரானா, பொண்ணு பாக்க வாரானான்னே தெரியலம்மா. செவுளத் தூக்கிப் பாக்கான், கண்ணப் பாக்கான், அழுத்திப் பாக்கான், மோந்து பாக்கான். எல்லாத்தையும் பாத்துட்டுக் கடைசில வேண்டாங்கான்" என்றார்.

நீ ஒரு கலவாவின் செவுளைப் பெருவிரலால் விலக்கி, வயிற்றை அழுத்தி, பள்ளம் மேலே எழும்புகிறதா என்று காத்திருந்தாய். அது மெதுவாகத்தான் எழும்பியது. "வேண்டாம் அண்ணாச்சி. இது நேத்து மீனு" என்றாய். அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அப்படியே நின்றுவிட்டேன். பெருவிரலை வளைக்கிற விதம், அழுத்திய பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது, முகத்தைச் சுளிக்காமல் திருப்பிக் கொடுக்கிறது, எல்லாம் நான். இருபத்திரண்டு வருடமாக எங்கள் கம்பெனி வாசலில் லாரி லாரியாக வருகிற மீனை நான் பார்க்கிற பார்வை அது. உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பள்ளி விட்டு வந்து ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாயே, அங்கிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். என்மேல் கோபித்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று நான் நினைத்தவன் என் தொழிலைக் கையோடு கொண்டுபோயிருக்கிறான்.

மத்தியானம் நீ வேலை செய்கிற பெரு நாட்டு உணவகத்துக்கு வந்தேன். வாசலில் வானவில் நிறத்தில் நெய்த துணியும், சுவரில் பனி மூடிய மலைப் படமுமாக இருந்தது. உங்கள் தலைமைச் சமையல்காரி ரோசா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் அப்பா பெருவின் வடக்குக் கரையில் மீன் பிடித்தவராம். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் போலீஸ்காரியா என்று கேட்டாள். நான் விழித்தேன். நீ சேர்ந்த முதல் வாரமே, எந்த மீன் எந்த நேரத்தில் எந்தக் குளிரில் உள்ளே வந்தது என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் போட்டுவிட்டாயாம். யார் சொன்னது என்று கேட்டால் "என் அம்மா" என்றாயாம். அவள் ஊரில் படகிலிருந்து இறங்கிய மீனை அப்படியே அறுத்து எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள், இவன் என்னடாவென்றால் நகராட்சி ஆள்கூடக் கேட்காததையெல்லாம் கேட்டு என்னைப் படுத்துகிறான் என்று சொல்லி உன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே உன் காலரையும் சரி செய்தாள்.

பிறகு என்னைச் சமையல்கட்டு தெரிகிற மேஜையில் உட்கார வைத்துவிட்டு நீ கத்தியை எடுத்தாய். கலவாவின் சதையைச் சிறு கட்டங்களாக அறுத்து, உப்புப் போட்டு, எலுமிச்சையைப் பாதி வரைக்கும் மட்டும் பிழிந்தாய். முழுதும் பிழிந்தால் கசக்கும் என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாய். நூல் மாதிரி வெங்காயம், மஞ்சள் நிற மிளகாய், மல்லித்தழை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், அவ்வளவுதான். அடுப்பே பற்ற வைக்காமல் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். அதற்குப் பெயர் செவிச்சே என்றாய். ஓரத்தில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வறுத்த சோளமும் இருந்தன. நான் தட்டைப் பார்த்தேன், நீ என்னைப் பார்த்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

நான் எதைக் கேட்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. "எலுமிச்ச எல்லாத்தையும் கொல்லாதும்மா" என்று நீயே ஆரம்பித்தாய். "மேலாப்புல வெள்ளையாக்கும், வெந்த மாதிரி காட்டும். உள்ள இருக்க பூச்சி சாகாது. அதான் இத மொதல்லயே கடுங்குளிர்ல போட்டு, வைக்க வேண்டிய நாளு வச்சி எடுத்துருக்கோம். இன்னைக்கு வாங்குனத இன்னைக்குப் பச்சையா யாருக்கும் தர மாட்டேன். ஒனக்குக் கூட." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பிடிக்கலன்னா விட்ருமா. வெந்தது வேற இருக்கு" என்றாய். அந்தக் கடைசி வார்த்தையில் உன் குரல் பதினாறு வயதுக்குப் போய்விட்டது.

நான் சாப்பிட்டேன். அதை எப்படிச் சொல்வது என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். மீன் பச்சையாக இல்லை, வெந்த மாதிரியும் இல்லை. ஓரமெல்லாம் பால் வெள்ளையாகவும் நடுவில் இன்னும் கண்ணாடியாகவும் இருந்தது. பல் பட்டதும் விலகியது. முதலில் புளிப்பு, பின்னால் பழ வாசத்தோடு ஒரு காரம், அதற்கும் பின்னால் மெல்ல ஒரு இனிப்பு. அந்த இனிப்பு கிழங்கிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். கிழங்கை ஒதுக்கிவிட்டு மீனை மட்டும் எடுத்து வாயில் வைத்தேன். இனிப்பு மீனில்தான் இருந்தது. கடற்கரையில் பிறந்து, மீனைப் படித்து, மீனால் சம்பளம் வாங்கி, நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மீனின் ருசி தெரிந்தது. அதுவரைக்கும் நான் தின்றதெல்லாம் என் மசாலாவையும் என் பயத்தையும்தான்.

தட்டில் தேங்கிய வெள்ளைச் சாற்றைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, இதை அந்த ஊரில் புலிப்பால் என்பார்கள் என்று நீட்டினாய். "தலவலின்னு நீ கேக்கக்கூட இல்ல, நானே கொண்டாந்துட்டேன் பாரு" என்றாய். தலைவலிக்குப் புலிப்பால் கேட்டு மகனைக் காட்டுக்கு அனுப்பிய ராணியின் கதையை வைத்து, மூன்று வருடத்துக்குப் பிறகு நீ என்னிடம் அடித்த முதல் கிண்டல் அது. நான் அதைக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டேன். நீ சட்டென்று திரும்பி உள்ளே போனாய். ரோசா உன்னிடம் ஏதோ கேட்டாள். நீ வெங்காயத்தைக் கை காட்டினாய்.

அதற்குப் பிறகு வந்ததையெல்லாம் பள்ளிப் பிள்ளை மாதிரி வாய் பிளந்து பார்த்தேன். உருளைக்கிழங்கை மசித்து, அதே மஞ்சள் மிளகாயும் எலுமிச்சையும் சேர்த்து, நடுவில் நண்டு வைத்து, ஆறியபடியே பரிமாறுகிற ஒரு பதார்த்தம். கம்பியில் குத்திச் சுட்ட மாட்டு இதயம். நாவல்பழ நிறத்தில், பட்டையும் கிராம்பும் மணக்கிற ஊதாச் சோளப் பானம். கடைசியாக ரோசா ஒரு டப்பாவைத் திறந்து, கூழாங்கல் மாதிரி கறுத்துக் காய்ந்த எதையோ என் உள்ளங்கையில் வைத்தாள். தக்கை மாதிரி கனமே இல்லை. உருளைக்கிழங்கு என்றாள். மலை உச்சியில் அறுவடை முடிந்ததும் கிழங்கை இரவில் உறைபனியில் பரப்பி, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, வெயிலில் காய வைப்பார்களாம். வருடக்கணக்கில் கெடாதாம். நாம் வெயிலையும் உப்பையும் வைத்து மீனுக்குச் செய்வதை, பனியையும் பாதத்தையும் வைத்து அவர்கள் கிழங்குக்குச் செய்திருக்கிறார்கள். நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்திலேயே, எது கெடும், எது கெடாது, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று பசியோடு உட்கார்ந்து கண்டுபிடித்த சனங்கள். உருளைக்கிழங்கும் மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறி உலகமெல்லாம் போயின என்று நீ சொன்னாய். அவை இல்லாமல் நம் சமையலில் என்ன மிஞ்சும் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். என் சமையல் என்று நான் காவல் காத்ததெல்லாம் யாரோ கொடுத்தது. கொடுத்தவர்கள் பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

எட்டு நாள் முடிந்து ஊருக்குத் திரும்பினேன். மாமாவின் வேலையைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாய் வரவில்லை. ஆனால் அன்று சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்றையும் சொல்லாமல் வந்துவிட்டேன், அதை இப்போது சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சமைத்த மீன் வெந்திருந்தது. தட்டிலிருந்து எடுக்கும்போதே சதை முள்ளைவிட்டுத் தானாகக் கழன்று என் விரலில் வந்தது. அந்தச் சிவப்பு முள்ளை ஒட்டிய ரத்த நரம்பின் நிறம், ஒரு கேடும் இல்லை. இது எனக்குப் பின்னால் தெரிந்தது அல்ல, அந்த நிமிடமே தெரியும். தெரிந்துதான் கொதிக்க வைத்தேன். அத்தை சிரித்ததைத் தாங்க முடியாமல், என் படிப்பைக் காப்பாற்றிக்கொள்ள, உன் மீனைப் பலி கொடுத்தேன். உன் கீழேயும் நாளைக்கு நாலு பேர் வேலை செய்வார்கள். அவர்கள் சமைத்தது சரியில்லை என்றால் தனியாகக் கூப்பிட்டுச் சொல். சரியாக இருந்தால், யார் சிரித்தாலும், தட்டை எடுக்காதே. என்னிடம் இருக்கிற அறிவுரை இது ஒன்றுதான்.

பெருவின் தலைநகரில் ரோசாவின் அண்ணன் நடத்துகிற உணவகத்தில் இரண்டு வருடம் கற்றுக்கொள்ளப் போகட்டுமா என்று நீ கேட்டதற்கு, இவ்வளவும் உணர்ந்தவள் அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டாமா? எழுதினேன். என்ன எழுதினேன் தெரியுமா? "அப்பாவுக்கு முடியல, இப்ப தூரமா எங்கயும் போகாத" என்று. அனுப்புவதற்கு முன்னால் அப்பா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டார். அப்போதுதான் துறைமுகத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். "ஏளா, எனக்கு என்ன செய்யுது? நீ இத அனுப்புனா அவன் வீடியோல கூப்புடுவான், நான் போயி கட்டில்ல படுத்து முனங்கணுமா?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒனக்கு முடியலன்னு எழுது. அதுதான உண்மை" என்றார். அது உண்மைதான். துபாய் நாலு மணி நேரம். லிமாவுக்கு விமானத்திலேயே ஒரு முழு நாள் போய்விடும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, கண் மங்குகிறது, ஒரு அவசரம் என்றால் நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பயப்படுகிறேன். இந்தப் பயத்தை ஒளிக்காமல் உன்னிடம் கொடுக்கிறேன். ஆனால் அதற்காக உன்னை இங்கே பிடித்து வைக்க மாட்டேன். நன்றாக இருக்கிற ஒன்றைப் பயத்தில் கெடுத்த பழக்கம் எனக்கு உண்டு.

நேற்று சாயங்காலம் மாமாவைப் பார்க்கப் போனேன். "எக்கா, பய எப்ப வாரான்?" என்றான். வரவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள் என்றேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. பெரு எங்கே இருக்கிறது, அவ்வளவு தூரம் போய் என்ன செய்யப்போகிறான் என்று அடுக்கினான். வெளியே கணக்கர்களும் டிரைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "சமையல் படிக்கப் போறாம்ல. எம் மவன் சமையல்காரன்" என்றேன். அவன் போனை எடுத்து, மைத்துனர் மகனைத் திங்கட்கிழமை வரச் சொன்னான். நான் உட்கார்ந்து அவன் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆகவே உனக்கென்று இங்கே இப்போது எந்த மேஜையும் காலியாக இல்லை. அங்கே கஷ்டமாக இருந்தால், குளிர் தாங்கவில்லை என்றால், ரோசாவின் அண்ணன் திட்டினால், ஊரில் ஒரு வேலை இருக்கிறதே என்று உனக்குத் தோன்றக் கூடாது. அதற்காகத்தான் உன்னைக் கேட்காமலே செய்தேன். எங்களைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வா, ஒரு வாரம் இருந்தாலும் போதும்.

போயிட்டு வாய்யா.

அம்மா